மூன்றாவது வரி

இது மழை பிடித்த நான்காம் நாளா, ஐந்தாம் நாளா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. லிஃப்ட்காரர் நான்காம் நாள் என்கிறார். அவர் மனைவி ஐந்தாம் நாள் என்கிறார். இருவரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டுப்போட்டுத்தான் எழுதுகிறேன். எங்காவது தையல் தெரிந்தால் அது என் கைவேலை. ஒன்றில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. கீழ்க்கடை ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது மணி ஒன்றரை.

லிஃப்ட்காரர் என்பது அவர் தொழிலால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதி லிஃப்டுகளை அவர்தான் பழுது பார்த்துவந்தார். நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் கதவு இடுக்கில் வாயை வைத்து, "இதோ வந்தாச்சு, ரெண்டே நிமிஷம்" என்பார். மாற்ற வேண்டிய சாமான் அப்போது இன்னும் கடையிலேயே இருக்கும். ஆனாலும் அந்தச் சொல் கேட்டதும் உள்ளே இருப்பவரின் மூச்சு இறங்குவதை அவர் எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறார். அதைப் பொய் என்று அவர் நினைத்ததேயில்லை. ஸ்பேனர் மாதிரி அதுவும் பையில் கிடக்கும் ஒரு கருவி.

வானொலியிலும் அப்படித்தான். வீட்டிலிருந்தே வானொலிப் பெட்டியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் உரிமம் வாங்கிப் பதினோரு வருடம். எதிர்ப்பக்கத்துக் குரல் எவ்வளவு கரகரத்தாலும் "சுத்தமா கேக்குது சார், பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்பார். அந்த அலைவரிசையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற உபசாரம்தான் அது. இவர் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

வீட்டின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் மனைவி கையில். பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவர். மாவு டப்பா, உப்பு டப்பா, விளக்குத் திரி எல்லாவற்றுக்கும் எண் ஒட்டி, வாங்கிய தேதி எழுதி, பழையது முன்னால் புதியது பின்னால் என்று அடுக்கியிருப்பார். மழை தொடங்கி மின்சாரம் போனதும் ஐந்தாம் மாடியில் அந்த ஒரு வீடுதான் நிதானமாக இருந்தது. மொட்டைமாடியில் சூரியத் தகடு, கட்டிலடியில் பேட்டரி, ஜன்னலோரம் வானொலிப் பெட்டி. மனைவியின் தம்பி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தபோது, "அக்கா, உங்க வீட்ல மெழுகுவத்தி எடுத்தா கையெழுத்துப் போடணுமா, இல்ல பெருவிரல் ரேகை போதுமா?" என்றான். "பத்து நிமிஷம்தான் உனக்கு. ஒம்பது ஆச்சு" என்றார் மனைவி.

மலைப்பக்கத்துப் பள்ளியில் அறுபது பேர் ஒதுங்கியிருந்தார்கள். சாலை அறுந்து, செல்போன் கோபுரங்கள் செத்து, அங்கிருந்து வெளியே வரும் குரல் ஒன்றே ஒன்று. வாத்தியார் ஒருவர், ஒரு பழைய பெட்டி, சாகக் கிடக்கும் ஒரு பேட்டரி. நடுவில் மலை மறைப்பதால் வாத்தியாரின் குரல் நகரத்துக்குக் கேட்காது. ஐந்தாம் மாடியில் இருக்கும் லிஃப்ட்காரருக்குக் கேட்கும். அவர் வாங்கி, பஸ் டிப்போவில் பெட்டி வைத்திருக்கும் டிப்போ அக்காவிடம் கொடுப்பார். அக்கா எழுதி, படகுத்துறைக்கு ஆள் அனுப்புவார். இரண்டரைக்கு ஒரு படகு போக இருந்தது.

ஒன்றரைக்கு வாத்தியார் பெட்டியில் வந்தார். பக்கத்தில் நர்ஸம்மா சொல்லச் சொல்ல அவர் வாசித்தார். ஒன்று, காயக்கட்டுத் துணி. இரண்டு, குழந்தைப் பால்பொடி. "மூணாவது, பத்தொன்பது வயசுப் பொண்ணு, வலிப்பு மாத்திரை. பை தண்ணியில போயிடுச்சு, ரெண்டு நாளா சாப்பிடல. மாத்திரை பேரு..."

அந்த நொடியில்தான் கீழே ஜெனரேட்டர். தகரத்தில் மணலைக் கொட்டியதுபோல் காது முழுக்க இரைச்சல். லிஃப்ட்காரர் குமிழைத் திருகினார், ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். கடைக்காரன் எதையோ சரிசெய்திருக்க வேண்டும், இரைச்சல் தணிந்தது. அதற்குள் வாத்தியார் நான்காவதுக்குப் போய்விட்டார். தண்ணீர் சுத்தம் செய்யும் வில்லை, இருநூறு.

"பேட்டரி இறங்கிட்டே போகுது சார். அணைச்சுட்டு நாலு மணிக்குத் திறக்கிறேன். எல்லாம் வந்துச்சா? ஓவர்."

"வந்துச்சு வாத்தியார், சுத்தமா வந்துச்சு. நீங்க அணைங்க. ஓவர்."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் கண் தாளைப் பார்த்தது. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் பாதி வரி. அதன் பின்னால் வெள்ளை.

உடனே கூப்பிட்டார். மூன்று தடவை, நான்கு தடவை. வாத்தியார் சொன்னால் சொன்னபடி அணைப்பவர்.

அவர் கூப்பிட்டதை டிப்போ அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, என்ன விஷயம்? பட்டியல் குடுங்க, ஆள் நிக்கிறான்."

ஒன்று, இரண்டு, நான்கு கொடுத்தார்.

"மூணு எங்க?"

"மூணு வந்து... வலிப்பு மாத்திரை அக்கா. பேரு, அளவு மட்டும் சரிபார்த்துட்டுத் தர்றேன். என் கையெழுத்து எனக்கே புரியல."

"நல்லாருக்கு போங்க. டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவர் நீங்க. சீக்கிரம் பாருங்க."

மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாளில் புரியாத கையெழுத்து எதுவும் இல்லை. திரும்ப வைத்தார்.

தம்பிதான் எட்டிப் பார்த்தான். "வலிப்புக்கா? அத்தான், எங்க கடையில பெரும்பாலும் போறது ஒரே ஐட்டம்தான். பத்துப் பேர்ல ஏழு பேருக்கு அதான். எழுதிக் குடுங்க, வேலை முடிஞ்சுது."

"மிச்சம் மூணு பேரு?" என்றார் மனைவி.

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு அவனே, "அப்படின்னா கடையில இருக்கிற அஞ்சாறு வகையிலயும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பச் சொல்லலாம். பொண்ணுக்கு அவ மாத்திரை தெரியாதா? அவளே எடுத்துக்குவா" என்றான்.

நல்ல வழி. லிஃப்ட்காரருக்கும் அது தெரிந்தது. ஆனால் அப்படி அனுப்பச் சொல்ல வேண்டுமானால், பெயர் தன்னிடம் இல்லை என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். அக்காவிடம் சொல்வது என்பது அந்த அலைவரிசையில் காது வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் சொல்வது. பதினோரு வருடத்துப் பழக்கம், மரியாதை, "உங்க மாதிரி ஆள் கெடைக்காது சார்" என்று கேட்ட வார்த்தைகள் எல்லாம் அந்தப் பொத்தானின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

"சொல்லுங்களேன்" என்றார் மனைவி.

"வாத்தியார் ஒருவேளை திறந்து வெச்சிருப்பார். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன்."

கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வெறும் காற்று இரைந்தது. பேசுவது பேட்டரியைக் குடிக்கும். வோல்ட் முள் பன்னிரண்டிலிருந்து கீழே நகர்வதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். வானம் மூடிக் கிடந்ததால் தகட்டிலிருந்து ஒரு துளியும் வரவில்லை. தம்பியின் போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கினார். அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்த வாடை வந்தது. யாரும் எழவில்லை.

இரண்டே கால். இரண்டு இருபது. இரண்டு இருபத்தைந்து.

"தம்பி, படகு அவுக்கிறாங்க" என்றார் டிப்போ அக்கா. "மூணாவது இருக்கா, இல்லையா?"

"இதோ அக்கா, ரெண்டே நிமிஷம்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டார். அறையில் இருந்த மற்ற இருவரும் கேட்டார்கள்.

படகு போய்விட்டது. அக்கா அதை ஒரே வரியில் சொன்னார். அடுத்தது நாலரைக்கு.

அதன் பிறகு மனைவி, குரலை உயர்த்தாமல், "அந்தப் பொண்ணு லிஃப்ட்டுக்குள்ள இல்லைங்க" என்றார்.

லிஃப்ட்காரர் பொத்தானை அழுத்தினார். முதலில் உரிமத்தில் உள்ள தன் அழைப்புக் குறியைச் சொன்னார். அது ஒன்றுதான் தடுமாறாமல் வந்தது.

"அக்கா, மூணாவது வரி எங்கிட்ட இல்ல. கையெழுத்தெல்லாம் சும்மா சொன்னது. வாத்தியார் சொல்லும்போது இங்க ஜெனரேட்டர் போட்டாங்க, ஒண்ணும் கேக்கல. கேக்காமலே வந்துச்சுன்னு சொல்லிட்டேன். அவர் அணைச்சுட்டார். எந்த மாத்திரைன்னு எனக்குத் தெரியாது. இருக்கிற வகை எல்லாத்துலயும் கொஞ்சம் அனுப்புங்க. ஓவர்."

விரலை எடுத்தார். இரைச்சல்.

பிறகு ஒரு குரல். பெண் குரல், சின்னது, நடுங்கியது. "நான்... எங்கிட்ட இருக்கு. மூணாவது."

"யாரு அது? அழைப்புக் குறி சொல்லிட்டுப் பேசுங்க" என்றார் அக்கா. பேரிடர் ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான் அவருக்கு.

அந்தப் பெண் குறியைச் சொன்னாள். தப்பாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சொன்னாள். மலை மறைக்காத புறவழிச் சாலையில் லாரி எடைமேடையில் வேலை. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி மூன்று வருடம். பேச வெட்கம். இதுவரை ஒரு தடவைகூடப் பொத்தானைத் தொட்டதில்லை. கேட்பாள், நோட்டில் எழுதுவாள், அவ்வளவுதான். அவள் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் இல்லை. மாத்திரையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். ஐநூறு மில்லிகிராம், காலையும் மாலையும்.

"நிச்சயமா?"

"வாத்தியார் ரெண்டு தடவை சொன்னாருங்க. ரெண்டு தடவையும் எழுதியிருக்கேன்."

பெயரைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறியது. அவன் சொன்ன ஐட்டம் அது இல்லை.

"ஒன்றரையிலேர்ந்து கையில வெச்சுட்டா உக்காந்திருந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அக்கா பாய்ந்தார்.

"சார் வந்துச்சுன்னு சொன்னாருங்களே" என்றாள் அவள். "அப்புறம் கையெழுத்துதான் புரியலைன்னாரு, வாத்தியாரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. காதுல விழலைன்னு சொல்லல. சொல்லியிருந்தா பேசியிருப்பேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. எடையை வாசித்துச் சொல்பவளின் குரலில் சொன்னாள்.

நான்கு மணிக்கு வாத்தியார் திறந்தார். லிஃப்ட்காரர் அவரிடமும் அதையே சொன்னார், சுற்றி வளைக்காமல். மாத்திரை முதல் படகில் இல்லை, அடுத்ததில் வருகிறது, தப்பு என்னுடையது.

"மூணேகாலுக்கு ஒரு தடவை வலிப்பு வந்துச்சு சார்" என்றார் வாத்தியார். "நாக்கைக் கடிச்சுக்கிட்டா. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கோம். இன்னும் சரியா நினைவு திரும்பல. படகு எப்ப வரும்? உண்மையைச் சொல்லுங்க."

"நாலரைக்குக் கிளம்பும். ஆறாகும். தண்ணி ஓட்டம் ஜாஸ்தி, ஆறரைகூட ஆகலாம்."

"வந்துச்சு" என்றார் வாத்தியார். "அணைக்கிறேன்."

படகு ஆறே முக்காலுக்குச் சேர்ந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்து, நெடுநேரம் நீடித்தது. நர்ஸம்மா அதே படகில் அவளை நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார். பதினொரு நாள் அங்கே இருந்தாள். பிழைத்தாள். இடது கையில் பிடிமானம் முழுதாகத் திரும்ப ஒரு வருடம் பிடித்தது. இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட்காரர் ஒருமுறை போய்ப் பார்த்தார். அவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அவராகச் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டே துணியை மடித்து வைத்தாள்.

வாத்தியார் அடுத்த வருடமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பள்ளிக்கு இரண்டு புதுப் பேட்டரிகள் வந்தன. டிப்போ அக்கா ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். மலைக்கும் நகரத்துக்கும் நடுவில் செய்தி வாங்கிக் கொடுக்கும் வேலை இப்போது எடைமேடைப் பெண்ணுடையது. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தம்பி சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறான். மனைவி நூலகத்தில்தான் இருக்கிறார். லிஃப்ட்காரர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பெட்டியை எடைமேடைப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டார். லிஃப்ட் வேலைக்கு இன்னும் போகிறார்.