சுவருக்கு அந்தப் பக்கம் புதினா

சுராயாவின் புதினாத் தொட்டிக்கு நடுவில் மட்டும் வழுக்கை விழுந்திருந்தது. ஓரமெல்லாம் பச்சைப் பசேலென்று இலை, நடுவில் காய்ந்த குச்சிகள். தண்ணீருக்குக் குறைவில்லை, பூச்சியும் இல்லை. பிரியாணிக்கு ஒரு கொத்து கிள்ள வந்தவள், அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருப்பதையும் மறந்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

மண் கட்டியாக வந்து விழுந்தது. அதைச் சுற்றிலும் வெள்ளைத் தண்டுகள். வெளியே போக இடமில்லாமல் தொட்டியின் உட்புறத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன. நட்ட இடத்தில் புதினா நிற்பதே இல்லை, மண்ணுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழி விட்டால் எவ்வளவு தூரம்தான் போகும்?

வெங்காயம் கருகிய வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினாள்.

மறுநாளே எடமலைப்பட்டி புதூர் வீட்டின் பின்புறம், காம்பவுண்டு சுவரோரமாக மண்ணைக் கொத்தித் தண்டுகளைப் பரப்பி மூடினாள். துபாயிலிருந்து வீடியோ காலில் வந்த கணவர் கியாசுதீன், "இத்தனை புதினா எதுக்கு?" என்று கேட்டார்.

"இலைக்கு இல்லைங்க. அது எங்க போவுதுன்னு பார்க்கத்தான்."

அவர் சிரித்தார். "பார்த்துட்டு எனக்கும் சொல்லு."

மழைக்காலம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு லூர்துராணி டீச்சர் ஒரு காலையில் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "சுராயா, உன் புதினா சுவரைத் தாண்டி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. வந்து பாரு!"

சுராயா செருப்பைக்கூட மாட்டாமல் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் நிஜமாகவே புதினா. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். முகம் மாறியது.

"அக்கா, இது என்னோடது இல்லை."

"புதினாவுல என்ன உன்னுது என்னுது?"

சுராயா தன் வீட்டுக்கு ஓடித் தன் செடியில் இரண்டு இலை பறித்து வந்து கொடுத்தாள். லூர்துராணி கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தாள். சுராயாவின் இலை சுருக்கம் விழுந்து, லேசான இனிப்பு வாசத்தோடு இருந்தது. இன்னொன்று வழுவழுப்பு. வாசம் மூக்கில் ஏறியது.

"ஆமா, வேறதான்! அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?"

பழைய தோசைக்கரண்டியால் இருவருமாகத் தோண்டினார்கள். சுராயாவின் தண்டு எதுவும் சுவரின் கல்லடித்தளத்தைத் தாண்டவில்லை. வழுவழுப்பு இலைச் செடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு மொட்டைக் குச்சி. சாய்வாகக் கத்தியால் வெட்டிய நுனி அப்படியே தெரிந்தது.

லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வாங்குற கட்டு! இலையை ஆய்ஞ்சுட்டு குச்சியை இங்கதான் வீசுவேன். குப்பைன்னு நினைச்சேனே!"

"துவைக்கிற தண்ணியிலயே பிழைச்சுக்கிச்சு பாருங்க."

"ஆனா வேர் எங்கேருந்து வருது? வெட்டின நுனியிலேருந்தா?"

சுராயா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேர் எங்கே தொடங்குகிறது என்பதை அப்பியிருந்த ஈர மண் மறைத்தது. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. நகத்தில் மண்ணோடு லூர்துராணி ஸ்கூட்டியை எடுத்தாள்.

அன்றைக்கே சுராயா தன் செடியில் இலை கிள்ளிய நான்கு மொட்டைக் குச்சிகளைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தாள். பால் காய்ச்சும்போது ஒருமுறை, தட்டு கழுவும்போது ஒருமுறை குனிந்து பார்ப்பாள். சில நாள் ஒன்றுமே இல்லை. ஒரு குச்சி அழுகி மிதந்தது, எடுத்துப் போட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் டம்ளரில் விழுந்தபோது, வெள்ளையாக மயிரிழை போல ஏதோ தெரிந்தது. கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பார்த்தாள். வெட்டிய நுனி வெறுமையாகத்தான் இருந்தது.

டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஓடினாள்.

"அக்கா! இலை இருந்த இடம் இருக்குல்ல, அந்தக் கணுவுலேருந்துதான் வருது!"

உள்ளே விசில் அடித்துக்கொண்டிருந்த குக்கரை அப்படியே விட்டுவிட்டு லூர்துராணி வெளியே வந்தாள். "எங்க, காட்டு காட்டு!"