கைப்பிடித் தடம்

கணவருடைய வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களுக்கும் குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது. ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடி அழுந்திய தடம். நேற்று மத்தியானம் விழுந்தது. ரத்தம் ஓடுகிற கையாக இருந்தால் கால் மணி நேரத்தில் மறைந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"துடைச்சது போதும்மா" என்றாள் நாத்தனார். "நாலு மணிக்கு எடுக்கறதுக்கு வண்டி வந்துடும். எந்திரிச்சு ஒரு வாய் காப்பியாவது குடி."

அவள் எழுந்திருக்கவில்லை. இடது கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். இடது கை விரல் நுனிகள் கிதார்க் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போனவை. அந்தக் காய்ப்பு இருபத்தாறு வருடமாக அவளுக்குப் பழக்கம். வலது கையின் பள்ளம்தான் புதிது.

வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அவரல்ல, அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி. நேற்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உடுத்த வேட்டி எடுக்க ஓட்டமாக வீட்டுக்கு வந்தவள் வாசலில் பாட்டுக் குழுவின் வேன் நிற்பதைப் பார்த்தாள். இரண்டு பேர் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கரம் ஒன்று கிறீச்சிடும் கட்டிலில், பாதம் இரண்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கிடந்தார். அவருக்குக் கம்பளி போர்த்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் ஹோட்டல்களிலும் விருந்து மண்டபங்களிலும் பாடுகிற ஒரு குழுவில் கிதார் வாசித்தார். குழு மாஸ்டருடையது. மாஸ்டர் பாடுவார், மைக் பிடிப்பார், எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பார். இவருக்கு 'கம்பி' என்று வைத்திருந்தார். நேற்று நிகழ்ச்சி நடந்த மண்டபம் மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி முதலிலேயே மேலே சேர்த்துவிட்டார்கள். ஆம்ப் பெட்டியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். மேலேயிருந்து மாஸ்டர்தான், எங்கே இருக்கீங்க என்று கேட்க.

பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சாகப் போகிற மனிதன் அதை நிமிர்த்தி, சுவரோரமாகத் தள்ளி, யார் காலும் இடறாதபடி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்குப் பெட்டியின் மேல் மட்டுமில்லை, அவர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். பதினெட்டு வருடமாக ஊரார் வாய்க்குள்ளேயே பார்த்து வருகிறவள். சீழ், சொத்தை, நாட்பட்ட நாற்றம் எதற்கும் முகம் சுளிக்கமாட்டாள். அருவருப்பு என்பது தனக்கு விட்டுப்போன சங்கதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு மணிக்கு மாஸ்டர் வந்து சேரும்வரை.

கறுப்புச் சட்டை, பளபளக்கிற ஷூ. துக்க வீட்டுக்கும் ஆச்சு, அப்படியே மேடைக்கும் ஆச்சு என்கிற உடுப்பு. உள்ளே நுழையும்போதே வாசனைத் தைலம் முன்னால் வந்தது. ஷூவைக் கழற்றாமல் கால்மாட்டில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். தொண்டை மிட்டாய் ஒன்றை வாயில் போட்டிருந்தார். அது பல்லில் பட்டு 'டிக் டிக்' என்றது. கீழ் வரிசையில் இரண்டு பல் கட்டியவை, அதுவும் மட்டமாகக் கட்டியவை என்று அவள் கண் தன்பாட்டுக்குக் கணித்துக்கொண்டது. பிணத்தின் முன்னால் நின்று சாயங்காலப் பாட்டுக்குத் தொண்டையைப் பதப்படுத்துகிற மனிதனை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

மூடிய கண்தான் அவளுக்கு எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. அந்தக் கண்மூடலை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் பார்த்திருக்கிறாள்.

பழைய ஆம்ப் பழுதாகி, புதிது வாங்க அவளும் கணவரும் போயிருந்தார்கள். கடையில் காட்டிய இரண்டும், பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்தவை. வால்வு இல்லாத பெட்டியை அவர் தொடமாட்டார், அந்தச் சூட்டில்தான் கிதாரின் குரல் பழுக்கும் என்பார். ஒன்று சின்னது. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். இன்னொன்று பெரிய பேர் எடுத்த கம்பெனி, மூன்று மடங்கு விலை. ஆம்ப் தனிப் பெட்டி, ஸ்பீக்கர் தனிப் பெட்டி. ஆம்ப் மட்டுமே ஒரு மூட்டை அரிசி கனம்.

கடைக்காரர் நல்ல மனிதர். பெரியதில் ஒரு விஷயம் கவனிக்கணும் என்று அவளையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு தடித்த ஒயர் போகும். அதைச் செருகாமல் மறந்துபோய் ஆம்பைப் போட்டு வாசித்தால், வெளியே போக வழியில்லாத சத்தம் உள்ளேயே முட்டி டிரான்ஸ்ஃபார்மரைக் கருக்கிவிடும், வால்வும் போய்விடும், பிறகு அது வெறும் மரப் பெட்டி. சின்னதில் அந்தத் தொல்லையே கிடையாது. அவள் அன்றே சொல்லிவிட்டாள், சின்னதுதான் நமக்கு லாயக்கு என்று. கடைக்காரர் விளையாட்டாக அவர்கள் இரண்டு பேரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, எதில் வாசிக்கிறேன் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று மாற்றி மாற்றி வாசித்தார். அவள் தப்பாகச் சொன்னாள். இவர் பதில் சொல்லுமுன், பார்த்துச் சொல்ல வருவதாக இருந்த மாஸ்டர் வந்துவிட்டார். பெரிய பெட்டி எது என்று பார்த்துக்கொண்டு, அதன் முன்னால் போய்க் கண்ணை மூடினார்.

"இதுல உயிர் இருக்கு கம்பி. அது டப்பா. டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் மேடைக்கு வந்துடாதீங்க."

அவ்வளவுதான், முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் அவள் பக்கம் சாய்ந்துகொண்டார். பிறகு அவள் காதோடு சொன்னார்.

"கண்ணை மூடினா எனக்கும் வித்தியாசம் தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் இதய டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். அதை மாஸ்டரிடம் காட்டியதற்கு, பெட்டியையா தூக்குறோம், கலையைத் தூக்குறோம் என்று முதுகில் தட்டினாராம். மாஸ்டர் தூக்கியது ஒரு மைக். அதற்கும் தோல் உறை உண்டு.

இப்போது மாஸ்டர் கண்ணைத் திறந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நேற்று எப்படிச் சமாளித்தோம் என்று சொல்ல ஆரம்பித்தார். கிதார் இல்லாமலே இரண்டரை மணி நேரம் ஓட்டினார்களாம். கீபோர்டுக்காரர் பின்னியெடுத்துவிட்டாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லையாம். இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மிட்டாய் வாசனை எட்டாத தூரத்துக்கு அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஆளுக்காகவா இவர் அந்தப் பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார்?

"தங்கச்சி" என்று குரலைத் தாழ்த்தினார் மாஸ்டர். தங்கச்சி என்பதும் புதிது. "இன்னைக்கு சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி. போன மாசமே ஒத்துக்கிட்டது, தட்ட முடியாது. வேற ஒருத்தரை வாசிக்கச் சொல்லியிருக்கேன். நம்ம கம்பியோட பெட்டியிலயே வாசிக்கட்டும்னு பாக்கறேன். ஆரம்பிக்கும்போது அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை உருக்கமா சொல்லிடறேன். எல்லாரும் அப்படியே உறைஞ்சு போயிடுவாங்க."

நாலு மணிக்கு வண்டி வருகிறதே என்றாள் அவள். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைக்கே அவர் மண்டபத்தில் இருந்தாக வேண்டுமாம்.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். அவரோடு கூடப் பிறந்தவள், இரண்டு வார்த்தை சுருக்கென்று கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துடேன்மா. இங்க கிடந்து என்ன ஆகப் போகுது. பெரிய மனுஷன் வீடு தேடி வந்து கேக்கறாரு" என்றாள். மாஸ்டர் அதற்குள் எழுந்துவிட்டார்.

"ஒரு தரம் போட்டுப் பாத்துடறேன். நேத்து படியில வெச்சாரே, எங்கயாவது அடி பட்டிருக்குமோன்னு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை."

"அதுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள் அவள். "ஒழுங்காத்தான் எறக்கி வெச்சிருக்காரு."

ஆனாலும் அவர் பின்னால் உள்ளறைக்குப் போனாள். ஷூ சுவடு தரை நெடுக விழுந்தது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் ஆம்ப் பெட்டி உட்கார்ந்திருந்தது, வேன்காரர்கள் வைத்துவிட்டுப் போன வாக்கில். மாஸ்டர் கம்பளியை உருவினார். கிதாரை உறையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, அதன் ஒயரை முன்பக்கம் செருகினார். மின்சார ஒயரைச் சுவரில் செருகினார். முப்பது வருடம் மேடை ஏறியவர், ஒரு நாளாவது அந்தப் பெட்டிகளின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. அதெல்லாம் கம்பியின் வேலை.

"எல்லாம் மாட்டியாச்சில்ல தங்கச்சி? நீங்கதான் வீட்டுல தினம் பாத்திருப்பீங்க."

அவள் பார்த்தாள். தடித்த ஒயர் எதிலும் செருகாமல், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வளையமாகச் சுருண்டு கிடந்தது. மேலே கணவருடைய முடிச்சு, அவளுடைய பழைய பச்சை ரிப்பனால் போட்டது. நேற்று காலை இந்த அறையில் உட்கார்ந்து, ஒயர் மடங்கிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சுருட்டியது. ஒவ்வொரு முறையும் செருகியபிறகு கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சுக்குப் போவார். அந்தத் தட்டுச் சத்தம் சமையலறை வரை கேட்கும். பிரியம் இல்லாதவன் செய்கிற காரியமா அது? இதன் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஒயரை எடுத்துச் செருகிவிட ஒரு கை நீட்டினால் போதும்.

மாஸ்டரின் வாயில் மிட்டாய் டிக் என்றது.

"மாட்டியாச்சு" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மாஸ்டர் உடனே கை வைக்கவில்லை. வால்வு சூடாக வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும், டப்பாவுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆறு கம்பியையும் மெல்ல வருடினார். வெறும் கம்பியின் சத்தம், எந்தப் பெட்டியிலிருந்தும் வராத சத்தம், காதுக்கு எட்டியும் எட்டாமலும் அறைக்குள் விழுந்தது.

"லேசா வருது பாருங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இதுலயே தெரியுது அந்த உயிர்."

கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று குமிழைக் கடைசி வரை திருகினார். அவள் அறையைவிட்டு வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவர் ஓங்கி வாசிக்கிற சத்தம் கேட்டது, மறுபடியும் வெறும் கம்பிதான். மூன்றாம் தரமோ நான்காம் தரமோ 'சட்' என்று ஒன்று வெடித்தது.

கூடத்தில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னமோ கருகற வாடை வருதே?"

"அடுப்புல ஒண்ணும் இல்லை அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். ஈரப் பஞ்சு காய்ந்துபோயிருந்தது. அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தடம் அப்படியேதான் இருந்தது. தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது. உள்ளறையில் மாஸ்டர் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.