மூன்றாம் மைக்

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நெசவின் குறுக்கு நூலைக் குறிக்கும் 'ஊடை' என்னும் பெயர்கொண்ட ராக் ஆல்பத்தின் ஏழாவது பாட்டு ஒரே மூச்சில் பதிவானது. நீளம் ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

டிரம்ஸ் கிடையாது. பன்னிரண்டு தறிகளின் இடிதான் தாளம். கிடார் வாசித்துப் பாடிய கோமதிசங்கர் அதே கூடத்தில் எட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவன். எந்தத் தறி எப்படி இடிக்கும் என்று அவன் உடம்புக்கே தெரியும். முதலாளி மகன் முத்துமணி கூடத்தைச் சும்மா கொடுத்திருந்தான். பதிலுக்கு ஆல்பத்தில் தயாரிப்பாளர் என்று தன் பெயர் வர வேண்டும். பாட்டு முடிகிறவரை ஒரு தறியும் நிற்கக் கூடாது என்று தறிக்காரர்களிடம் சொல்லிவைத்தவனும் அவன்தான்.

மூன்றாவது நிமிடத்தில் மூக்காண்டியின் தறியில் பாவு இழை அறுந்தது. இழை அறுந்தால் தறிக்காரன் கை யாரையும் கேட்காது, தறியை நிறுத்திவிடும். இருபத்தாறு வருஷப் பழக்கம். மூக்காண்டி நிறுத்தினார்.

முத்துமணி மூலையில் சாத்தியிருந்த கட்டையை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது காதோரம். மூன்றாவது இடது கண்ணில். விழுந்த பிறகும் அடித்தான். பத்தடி தூரத்தில் நின்ற கோமதிசங்கர் எல்லாவற்றையும் பார்த்தான்; விரல்கள் நிற்கவில்லை. நின்றுபோன தறியின் இடத்தில் மூக்காண்டியின் அலறல் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே குரலை ஏற்றிப் பாடி முடித்தான்.

ஊடை நூலோடு ஓடுகிற தறி நாடா தெறித்துக் கண்ணில் பட்டது என்று முத்துமணி ஆஸ்பத்திரியில் சொன்னான். விசைத்தறியில் நடக்கிற விபத்துதான் என்பதால் யாரும் கிண்டிக் கேட்கவில்லை. பிழைப்புக்குப் பயந்து மூக்காண்டியும் அப்படியே சொன்னார். கண் போயிற்று.

பதிவு செய்த ஜாய்ஸ் அலறல் பதிவான நாற்பது விநாடியை எடுத்துவிடச் சொன்னாள்.

"அதை வெட்டுனா பாட்டு செத்துரும்," என்றான் கோமதிசங்கர்.

ஜனவரியில் ஆல்பம் வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குள் மதுரைக் குழு ஒன்று அரிசி ஆலையிலும் கொச்சிக் குழு ஒன்று படகுப் பட்டறையிலும் போய் இதே பாணியில் பதிவு செய்தன. அந்த அலறலை எப்படி உண்டாக்கினீர்கள் என்று எல்லாப் பேட்டியிலும் கேட்டார்கள். இரும்பு உரசுகிற சத்தம் என்று அவன் சொல்லிவந்தான். கோயம்புத்தூர் கச்சேரியில் அந்த இடம் வந்ததும் இரண்டாயிரம் பேர் சேர்ந்து அலறினார்கள், ஒருவரையொருவர் முட்டினார்கள், குத்தினார்கள். மூக்குடைந்த ஒருவன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு எந்த ஊரிலும் அதுவே வழக்கமாயிற்று.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் மூக்காண்டியின் மனைவி இசக்கித்தாய் அந்தப் பாட்டைக் கேட்டாள். புருஷன் குரல் அவளுக்குத் தெரியாதா? நேரே கோமதிசங்கர் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கத்துனது உனக்குத் தாளமாய்யா இருந்துச்சு?"

கேஸ் கொடுக்கப் போவதாகவும் சாட்சி வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாட்சி இருந்தது. ஆறு மைக்குகளில் மூன்றாவது, மூக்காண்டியின் தறிக்கு மேலே தொங்கியது. ஆல்பத்தில் இல்லாத முத்துமணியின் குரல் அதில் தெளிவாக இருந்தது: "பாட்டு ஓடுதுல்லா, எதுக்குலே நிறுத்துன?" ஜாய்ஸ் அதை அழிக்காமல் டிஸ்க்கில் வைத்திருந்தாள். அதைப் போலீஸில் கொடுத்தால், பார்த்துக்கொண்டே பாடியவன் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். நான்கு நாள் கழித்து, கொடுத்துவிடு என்று கோமதிசங்கர் ஜாய்ஸுக்குப் போன் செய்தான்.

விஷயம் அதற்குள் முத்துமணி காதுக்குப் போயிருந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போனவனை முத்துமணியின் ஆட்கள் கூடத்திலேயே பிடித்தார்கள். இரண்டு பேர் அமுக்கிக்கொள்ள, முத்துமணி அவனுடைய இடது கையை இழுத்துத் தறியின் இரும்புச் சட்டத்தில் வைத்தான்.

"டிஸ்க் எங்கன இருக்கு?"

கோமதிசங்கர் வாயைத் திறக்கவில்லை. கட்டை இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கேள்வி ஒன்றுதான். மூன்று விரல்கள் ஒடிந்தன. நடுவிரல் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சுற்றிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிறுத்தவில்லை.

"இனி எப்படிலே வாசிப்ப?" என்று கேட்டுவிட்டு முத்துமணி கட்டையைப் போட்டான்.

அந்நேரம் டிஸ்க் போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் இருந்தது.

நீதிமன்றத்தில் மூன்றாம் மைக்கை மட்டும் ஓடவிட்டார்கள். பார்த்தீர்களா என்று வக்கீல் கேட்டார். பார்த்தேன் என்றான் கோமதிசங்கர். வாசிப்பதை நிறுத்தினீர்களா என்ற கேள்விக்கு, இல்லை என்றான். மூக்காண்டி ஒரு கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முத்துமணிக்கு ஐந்து ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆல்பத்தில் தயாரிப்பாளர் பெயர் இன்னும் அவனுடையதுதான்.