நாத்தனார் கொடுத்த மாடல்

சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு சிமுலேஷன் வேலை. ஒரு சிப்பிலிருந்து கிளம்பும் சிக்னல் செப்புத் தடத்தில் ஓடி அடுத்த சிப்பை உருப்படியாகச் சேருமா என்று, போர்டு செய்வதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சிப்பைச் செய்யும் கம்பெனியில்தான் அவளுடைய நாத்தனார் இருந்தாள். சிக்னலை அனுப்பும் முனையும் பெறும் முனையும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்லும் மாடலை எழுதுவது அவள் பொறுப்பு. சேர்ந்து உட்கார்ந்தால் இருவருக்கும் இதே பேச்சுதான். "நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடுற வீடு பார்த்திருக்கேன். இங்க ரெண்டு பேரும் கண்ணு திறந்திருக்கா, மூடியிருக்கான்னு பேசிட்டிருக்காங்க" என்று கணவன் கிண்டல் செய்வான். சிக்னலில் ஓடும் பிட்டுகளின் அலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் திரையின் நடுவே கண் போல ஓர் இடைவெளி தெரியும். அது திறந்திருந்தால் இணைப்பு பிழைக்கும்.

புது போர்டுக்கு இரண்டு வழி இருந்தது. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றையும் கணக்கிடும் மாடல் நம்பகமானது. ஆனால் சில நூறு பிட்டுகளை ஓட்டவே நாள் கணக்காகும். சிப்பின் நடத்தையை மட்டும் கணக்காக எழுதிப் பூட்டிக் கொடுக்கும் மாடலில், காபி ஆறுவதற்குள் லட்சக்கணக்கில் ஓடிவிடும். உள்ளே இருப்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். வேக மாடலை எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் பகுதியை மட்டும் மற்றதில் ஓட்டி ஒப்பிடலாம் என்று நினைத்தாள். நாத்தனாருக்கு போன் செய்தாள்.

"டிரான்சிஸ்டர் மாடலும் கிடைக்குமா?"

"அது எதுக்கு அண்ணி? நிஜ சிப்போட அளந்து பார்த்தாச்சு. அப்படியே ஒத்துப்போகுது."

"நீயே பார்த்தியா?"

"லேப்ல உட்கார்ந்து நானே பார்த்தேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? வேக மாடலே போதும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். மிக நீளமான தடத்தில்கூடக் கண் அகலத் திறந்திருந்தது.

போர்டு வந்தது. நீளத் தடத்தில் பிழைகள் கொட்டின. கேபிளைச் சந்தேகப்பட்டாள், பவர் சப்ளையை, அளக்கும் கருவியை, கடைசியில் தன் கணக்கையே சந்தேகப்பட்டாள். தினமும் வீட்டுக்கு வந்து கணவனிடம் புலம்புவாள். அவனும் அக்கறையாகக் கேட்பான். "கனெக்டரை மாத்திப் பார்த்தியா?" என்றுகூட ஒருநாள் கேட்டான். ரிவ்யூவில் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "டிரான்சிஸ்டர் மாடலோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?" இல்லை என்றாள். அந்த ப்ராஜெக்ட் வேறொருவர் கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தபோது நேராகவே கேட்டாள். "நீ கொடுத்த அந்த மாடல் எதை வச்சு எழுதினது?"

"டிசைன்ல எதிர்பார்த்த அளவை வச்சு. நீங்க கேட்டப்போ சிப் எங்க கைக்கே வரல அண்ணி. குறிச்ச நாளுக்குள்ள மாடல் வெளிய போகணும்னு மேல ஒரே நெருக்கடி."

"வந்தப்புறம்?"

"ஒத்துப்போகல. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க. மனசு கேக்காம அண்ணன்கிட்ட சொன்னேன்."

கணவன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவள் திரும்பினாள். "எப்ப சொன்னா?"

"போர்டு ஃபேக்டரிக்குப் போறதுக்கு முன்னாடி."

"அப்பவே தெரியுமா?"

"சொன்னா நீ நேரா மேனேஜர்கிட்ட போவே. யார் சொன்னதுன்னு கேப்பாங்க. இவ வேலை போயிடும்னு அழுதா. நீ எப்படியாவது சமாளிச்சிடுவேன்னு நினைச்சேன்."

நாத்தனாரின் பொய்யை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. கனெக்டரை மாற்றச் சொன்ன அந்த அக்கறையான குரலை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, இவன் பறிக்கக்கூட இல்லை. குழி எங்கே என்று தெரிந்தே கைப்பிடித்து நடத்திக் கொண்டுபோனான்.

மறுநாள், மாடல் நிஜ சிப்போடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படுவதாக மட்டும் மேனேஜரிடம் சொன்னாள். கம்பெனி முறைப்படி கேட்டதும் டிரான்சிஸ்டர் மாடல் வந்தது. மெல்ல ஊர்ந்து ஓடியதில் லேபில் பார்த்த அதே பிழை தெரிந்தது. நீளத் தடத்தைச் சுருக்கிச் செய்த அடுத்த போர்டு ஓடியது. யார் பெயரும் வெளியே வரவில்லை. பெயர் சொல்லாமலே முடிகிற காரியம்தான் அது. கணவன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

சில வாரம் கழித்து அவன் மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிக்கிறது பெரிய விஷயமில்ல" என்றாள். "இப்பல்லாம் கதவைப் பூட்டிட்டேன்னு நீங்க சொன்னாக்கூட, எழுந்து போய்ப் பார்த்துட்டு வர்றேன். அதுதான் நிக்க மாட்டேங்குது."

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.