நடுவில் வளரும் வீதி

வணிகப் பகுதியின் பெயர்பெற்ற பெரிய வீதி பதினோரு ஆண்டுகளாக நீண்டுகொண்டிருக்கிறது. இரு முனைகளும் இம்மியும் நகரவில்லை. கிழக்கே நில அளவை அலுவலகமும் மேற்கே கடிகாரக் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; வளர்ச்சியெல்லாம் நடுவில்தான். ஒருநாள் காலையில் வங்கிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் இடையே ஒரு குடைக்கடை இருந்தது. இருபது வருடமாக இங்கேதான் கடை நடத்துவதாகச் சொன்ன முதலாளி, பழுப்பேறிய திறப்பு விழாப் படத்தையும் எடுத்துக் காட்டினார். யாரும் வம்புக்குப் போகவில்லை. குடைகள் நன்றாகவே இருந்தன.

முதலில் மூக்கில் வேர்த்தது நில அளவை அலுவலகத்தின் அளவுக்காரம்மாவுக்கு. மேற்கு முனைக் கடிகாரக் கடை அவள் கணவருடையது. கல்யாணமான நாளிலிருந்து மதியம் ஒரு மணிக்கு ஆளுக்கொரு முனையிலிருந்து கிளம்பி, ஆறு நிமிடம் நடந்து, நீரூற்றுக்கு எதிரே உள்ள பெஞ்சில் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். வீட்டில் சண்டை என்றாலும் அது தவறியதில்லை. பேசாமல் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆறு நிமிடம் ஒன்பதானதும் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இறங்கியவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. கதவு எண்களைக் குறித்தாள், தூண்களைத் தட்டிப் பார்த்தாள், வரைபடத்தில் இல்லாத மாடிப்படிகளில் ஏறி யார் வீட்டு மணியையோ அடித்து மன்னிப்புக் கேட்டாள். பூட்டு இல்லாத சாவிகளை மட்டும் விற்கும் கடையில் அரை நாள் நின்றாள். அளந்த பக்கத்தை மறுநாள் சரிபார்த்தால் இரண்டடி கூடியிருக்கும். விடாமல் மறுபடி அளப்பாள். நான்கே வருடத்தில் மாநகராட்சி கூடுதலாக ஒரு பேருந்து நிறுத்தம் வைத்தது. அவளுடைய நடை இருபது நிமிடமாயிற்று. இடைவேளை என்னவோ அதே முக்கால் மணி நேரம். சாப்பிட ஐந்து நிமிடம்தான் மிஞ்சியது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் மூச்சிரைக்க வந்தபோது கடிகாரக்காரர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"நீ பார்க்கப் பார்க்கத்தான் இது நீளுது. நீ காய்ச்சல்ல படுத்திருந்த வாரம் ஒரு அடி கூட ஏறல."

"அதுக்காக நான் கண்ணை மூடிக்கிட்டா நடக்க முடியும்?"

"என்கூட ஒரு வாய் சாப்பிடணும்னா நடக்கத்தான் வேணும்."

அவளுக்கு அழுகை வந்தது. அவரோடு சாப்பிடாமலும் இருக்க முடியாது, வீதியைப் பார்க்காமலும் இருக்க முடியாது. திங்கட்கிழமை சுவரைத் தடவியபடி கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். பழைய ஆறே நிமிடத்தில் பெஞ்ச் முழங்காலில் இடித்தது. விஷயம் பரவி, இப்போது ஒரு மணிக்குப் பாதி வீதி கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்கிறது. மோதிக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இருந்தாலும் நேற்றில்லாத ஒரு கதவுப்பிடி கையில் தட்டுப்பட்டால் அவள் அரைக்கண் திறந்துவிடுவாள். அதற்கு இரண்டு நிமிடம் போய்விடும். கடிகாரக்காரர் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பார். "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேட்பார், அவள் சொல்லி முடித்த பிறகே மூடியைத் திறப்பார். கைக்கடிகாரத்தையே பார்த்தபடி நடக்கும் அவர், அந்தக் கடைகளில் ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை. பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. அவரும் நின்று பார்த்தால், அவள் வரும்போது பெஞ்ச் காலியாக இருக்கும்.