பூனைக்கு மார்க் இல்லை

வெண்கலம் என்றால் காய்கறிச் சந்தையில் தெரியாதவர் கிடையாது. ஏலம் விடுகிறவர். அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே தொண்டைதான். அந்தத் தொண்டையின் மேல் யார் கண் பட்டதோ, இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்துவிட்டது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின, பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது, வாய்க்கு வருவதற்குள் தவறிப்போகிறது என்றார் டாக்டர். பயிற்சி கொடுத்தால் வரும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி இலவசம்தான், ஆனால் இடம் குறைவு. அன்றைக்குப் பரிசோதனை. ஐந்து படங்களில் இரண்டையாவது சொன்னால் பயிற்சி தொடரும், இல்லாவிட்டால் அந்த நாற்காலி வெளியே காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். காசு கொடுத்து வேறு இடத்தில் சேர்க்க வழியில்லை. அவருடைய மனைவிக்குக் காலையிலிருந்தே பயம்.

பயத்தோடு கோபமும் இருந்தது. பயிற்சிக்கு அவர்கள் எடுத்து வைத்திருந்த சொற்களைப் பார்த்து வந்த கோபம் அது. எல்லாம் இங்கிலீஷில் மூன்று எழுத்துச் சொற்கள், கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றேதான். முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும், நாக்குக்குச் சுலபம் என்றார்கள். மகள் அந்தப் பட்டியலைச் சமையலறை அலமாரியில் ஒட்டிவைத்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். சி ஏ டி கேட், கேட்னா பூனை. எம் ஏ டி மேட், மேட்னா பாய். ஹேட்னா தொப்பி, ரேட்னா எலி. பேட்னா மட்டையாம், வவ்வாலுக்கும் அதே பெயர்தானாம். நன்றாக இருக்கிறவனுக்கே தலை சுற்றும். ஆயுசு பூராவும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்ற மனுஷனுக்கு எதற்குத் தொப்பி என்று அம்மா பொருமினாள். ஆனாலும் தானும் மனப்பாடம் செய்து, சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மறுபடி ஒரு தடவை அவர் தன்னிடம் வாய் திறந்து பேசினால் போதும் என்பதுதான் அவளுக்கு.

பயிற்சியாளர் இளைஞர், நல்ல மாதிரிதான். முதல் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

வெண்கலம் படத்தையே பார்த்தார். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"பூ... பூனை," என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் சொல். பயிற்சியாளரோ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே படத்தை ஆட்டினார்.

"கேட். சொல்லுங்கய்யா, கேட்."

கேட் வரவில்லை என்றதும் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"தம்பி, அவருதான் சொல்லிட்டாரே," என்றாள் அவள். "பூனைன்னாரு. உங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சும்மா. ஆனா கேட்னு சொன்னாத்தான் மார்க்."

"அந்தப் படத்துல இருக்கறது பூனையா இல்லியா?"

"பூனைதான்."

"அப்ப அவரு சொன்னது தப்பா?"

"தப்புன்னு சொல்லலம்மா. சரியான பதில் இல்ல, அவ்வளவுதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூனை என்று சொன்னவனுக்குப் பூனை தெரியவில்லை என்று எழுதுகிற படிப்பும் ஒரு படிப்பா?

"பேச்சு வரலன்னுதானே இங்க கூட்டிட்டு வந்தோம்? இங்கிலீஷ் வரலன்னா கூட்டிட்டு வந்தோம்? அது அவருக்கு என்னிக்கு வந்துச்சு, இன்னிக்குத் திரும்பி வர்றதுக்கு? நீங்களும் நானும் இப்ப எதுல பேசிட்டிருக்கோம்?"

"எனக்குப் புரியுதும்மா. தாள் மேலிடத்துலேர்ந்து வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"அவரு சொன்னத எழுதுங்க."

"அத எழுத இதுல இடமே இல்லம்மா."

தாள் பெரிய தாள். பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் கிடந்தது. அவள் விரலை வைத்து அந்த வெள்ளையைக் காட்டினாள். பயிற்சியாளர் பார்க்காதவர் போல அடுத்த படத்தை எடுத்தார்.

மேசையில் படார் என்று ஒரு அடி விழுந்தது. வெண்கலத்தின் கை.

"எழுது," என்றார்.

திக்கவில்லை, இழுக்கவில்லை. ஏலம் முடிந்ததும் கணக்கரைப் பார்த்து அவர் போடுகிற சத்தம் அது. அதற்குப் பிறகு விலை கேட்க எந்த வியாபாரியும் வாய் திறந்ததில்லை. பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பயிற்சியாளர் படத்தைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து, பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் 'பூனை' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே 'எழுது' என்றும் எழுதினார்.

"எழுதிட்டேம்மா. ரெண்டு வார்த்தைன்னே போட்டுட்டேன். ஆனா மேல இருக்கறவங்க இத ஒத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது."

அவள் கணவனின் கையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள். அழுகை வந்தது, கோபம் போகவில்லை.

"ஒத்துக்கலைன்னா அவங்கள இங்க வரச் சொல்லுங்க தம்பி. இவரு எதிர்ல உக்காந்து, இந்த மனுஷனுக்குப் பேச்சு வரலன்னு அவங்க வாயால சொல்லட்டும்."