வேர் பிடிக்காத பச்சை

கம்பிவேலிக்குள் கையை விட்டு ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தான் சொட்டை. வேரோடு வந்தது, ஈர மண்ணும் சேர்ந்து. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் திணித்தான். இது கணக்கில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

புல்விதைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த சோதனை அது. இழுத்தால் இலை மட்டும் அறுந்து வரவேண்டும், அப்போதுதான் மாட்டை உள்ளே விடலாம். மாடு நாக்கால் வளைத்து இழுத்துத்தான் மேய்கிறது. வேர் பிடிக்காத புல் என்றால் முதல் மேய்ச்சலிலேயே நிலம் காலி. விதை வாங்கிய அன்று, "அப்ப என் தலையில மாட்ட விட்றாதீங்க, வேரோட வந்துரும்" என்றான் சொட்டை. கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. பழைய மேய்ச்சல் மொத்தமும் வறட்சியில் கருகிய பிறகு, வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்: புதுப் புல் பிடித்தால் மாடுகள் இருக்கும், பிடிக்காவிட்டால் அடிமாட்டு லாரிக்குச் சொல்லி அனுப்புவது. கல் பொறுக்கி, மண்ணைக் கிளறி, விதை தூவி, குருவி விரட்டி அவள் கை காய்த்துப்போயிருந்தது.

இப்போது அவள் பால் ஊற்றப் போயிருந்தாள். இருந்த கொஞ்சம் வைக்கோலும் நேற்றோடு சரி. ஐந்து மாடுகளும் பச்சை வாசனைக்கு வேலியோரம் வந்து நின்றன. சினையாயிருந்த சிவப்பி கம்பிக்கு மேல் கழுத்தை நீட்டி அவனையே பார்த்தது. வயிறு ஒரு பக்கம் புடைத்திருக்க, அதற்கு மேலே விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டிருந்தது.

"அப்படிப் பாக்காதடி. நானே பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

அது பார்வையை எடுக்கவில்லை. அவன் எழுந்து வேலிக்கு உள்பக்கமிருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். குழாய் ஒழுகி ஒழுகி அங்கே மட்டும் புல் முழங்கால் உயரம். ஒரு கொத்தை இழுத்தான். இலை அறுந்து வந்தது, வேர் அசையவில்லை. அங்கே அப்படித்தான் வரும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு குதித்தது.

"நுனிய மட்டும் கடிக்கணும். கண்ணியமா மேஞ்சுட்டு வந்துரணும்" என்று சொல்லிக்கொண்டே படலைத் திறந்தான்.

மாடு மேயும்போது புல் அறுபடும் சத்தம் அவனுக்குத் தாலாட்டு மாதிரி. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சத்தம் வரவில்லை. ஈரத்துணியை உதறுவதுபோல் வேறு ஏதோ கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். சிவப்பி தலையை ஆட்டி ஆட்டி, வேரில் தொங்கிய மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. அது நகர்ந்த வழியெல்லாம் பொத்தல் பொத்தலாகச் செம்மண்.

"போதும்டி, வா! வாங்கடி, உங்க கால்ல விழறேன்!"

கத்தினான், கொம்பைப் பிடித்து இழுத்தான். பசித்த மாட்டை யார் நகர்த்த முடியும்? ஒன்றைத் திருப்பினால் நான்கு பரவின. அவன் ஓடிய ஓட்டத்தில் மிதிபட்டதும் கொஞ்ச நஞ்சமில்லை.

மனைவி காலிப் பால்கேனோடு படலருகே வந்து நின்றபோது, நடு நிலம் முழுக்க வழிக்கப்பட்டிருந்தது.

"இழுத்துப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"எங்க?"

அவன் தொட்டியைப் பார்த்தான்.

"லாரிக்காரர்கிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

"சிவப்பி சினைம்மா..."

"தெரியும். நான்தான சினை ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன்."

அவள் கேனை வைத்துவிட்டுக் குனிந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் பிடுங்கப்பட்டுக் கிடந்த புல்லை வாரிக் கூடையில் போட ஆரம்பித்தாள். "இனிமே இது காயத்தான போகுது. தின்னட்டும்." அவனும் மண்டியிட்டு வாரினான்.

சாயங்காலம் ஐந்தும் தொழுவத்தில் படுத்திருந்தன. வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறைந்திருந்தது. சிவப்பி பாதிக் கண்ணை மூடி நிதானமாக அசைபோட்டது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து கன்று ஒருமுறை உதைக்க, தோல் மேடாக எழும்பி அடங்கியது.